பூ மண்டி எண்ணுக்கு வந்த இன்டர்வியூ

1. மெயிலில் மல்லிகை விலை

அது 2002ஆம் ஆண்டு, வைகாசி முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருந்த மாதம். 2003 என்று, அப்போது என்னிடம் வேலைக்குப் பதிந்திருந்த ஆரோக்கியசாமி சொல்லுவார், அது தவறு. 2003இல் என் சென்டருக்கு இன்டர்நெட்டுக்கென்று தனி லைன் வந்துவிட்டது. இந்தக் கதை நடந்தபோது போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ஒரே லைன்தான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தொண்ணூறுகள் முழுக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். பிறகு மெஷின்களை விற்றுவிட்டு, நாலு கம்ப்யூட்டர் போட்டுப் பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். அதனால் எல்லோருக்கும் நான் கடைசி வரை டீச்சர்தான். வேலை தேடும் இணையதளங்களில் பெயரைப் பதிந்து கொடுப்பது எங்கள் முக்கியத் தொழில். வருகிறவர்களில் பலருக்கு மெயில் முகவரி இருக்காது. நானே ஒன்று திறந்து கொடுத்து, காலையில் கடை திறந்ததும் எல்லாருடைய மெயிலையும் பார்த்துவிடுவேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை பார்த்தபோது, பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஆரோக்கியசாமிக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்திருந்தது. சாரம் இவ்வளவுதான்: மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேலைக்கு உங்கள் ரெசூமைப் பார்த்தோம். நீங்கள் கொடுத்த எண்ணில் பலமுறை கூப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் மல்லிகைப்பூ விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேலை தேவைதானா என்று இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.

முதலில் சிரித்தேன். உடனே சிரிப்பு நின்றது. காரணம் இருந்தது.

2. நட்சத்திரக் குறி போட்ட கட்டம்

ஆரோக்கியசாமி பன்னிரண்டு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். ஊர் நிலக்கோட்டை என்பதால் அங்கே ஒரு பூ மண்டியில் எடை போட்டு, மூட்டை கட்டி, வேனில் ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மச்சினன் சவுதியில் இருந்தான். அங்கே ஒரு வேலைக்கு விசா ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். போனால் மூன்று வருஷம் திரும்ப முடியாது. மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

"விசா வாரதுக்குள்ள இங்கனயே ஒரு வேல கெடச்சுட்டா, நான் பாட்டுக்கு இருந்துருவேன் டீச்சர். புள்ள மூஞ்சிய போட்டோவுலதான் பாக்கணும்னா, அது என்ன பொழப்பு?" என்றார் முதல் நாளே.

ரெசூமை அடித்தோம். இணையதளத்தில் போன் நம்பர் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி இருந்தது. நிரப்பாமல் நகர முடியாது. அவர் வீட்டில் போன் இல்லை. அதனால் என்ன? அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குப் பக்கத்துக் கடை நம்பர்தான் சொந்த நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட 'பி.பி.' என்று போட்டு அடுத்த வீட்டு எண்ணை அச்சடிப்போம். கூப்பிடுகிறவர் ஆள் பெயரைச் சொல்லி வைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. ஆரோக்கியசாமியும் மண்டி நம்பரைக் கொடுத்தார், நானும் அடித்தேன்.

அதோடு விட்டேனா? தினமும் காலையில் அவர் ரெசூமைத் திறந்து, ஒரு புள்ளியை எடுத்து, மறுபடி வைத்துச் சேமிப்பேன். புதிதாகத் திருத்திய ரெசூம்தான் கம்பெனிக்காரர்களுக்கு மேலே தெரியும் என்பது எங்கள் தொழில் ரகசியம். இருந்தும் அழைப்பே வரவில்லை என்று இரண்டு பேரும் இணையதளத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். அழைப்பு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

3. ஐம்பது கிலோ ஆர்டர்

மண்டிக்குப் போன் செய்ய வேண்டுமென்றால் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தேன். நாலு கேபினிலிருந்தும் ஒரே குரல்: "டீச்சர், லைன் போச்சு!"

"போகல. நான்தான் புடுங்குனேன். செத்த நேரம் சும்மா இருங்க."

மணி ஒன்பதரை. மறுமுனையில் ரிசீவரை எடுத்த சத்தம் கேட்டது, ஹலோ கேட்கவில்லை.

"மல்லி நூத்திப்பத்து, முல்ல எம்பது, பிச்சி வரல, வண்டி பதினொண்ணுக்கு." டக்.

மண்டி முதலாளி முத்தையாவின் குரல். ஏல நேரத்தில் மதுரை, திருச்சி, கேரளா என்று எல்லா ஊர் வியாபாரிகளும் விலை கேட்டுத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்தால் பூ வாடிவிடும். அதனால் போனை எடுத்ததும் விலை, உடனே வைப்பு. அவருடைய நடைமுறை அது.

மறுபடி கூப்பிட்டேன். "அண்ணே, வைக்காதீங்…" என்பதற்குள் மல்லி நூற்றுப்பதினைந்து ஆகியிருந்தது. டக்.

மூன்றாவது தடவை, அவர் வாயைத் திறக்கும் முன்பே கத்தினேன்: "கல்யாண மண்டபம்! அம்பது கிலோ மல்லி!"

இந்தத் தடவை 'டக்' இல்லை. பிறகு தேன் சொட்டும் குரல்: "சொல்லுங்க தாயி, எந்த மண்டபம்?"

"மண்டபமும் இல்ல, பூவும் இல்ல. திண்டுக்கல் டைப்ரைட்டிங் டீச்சர் பேசுறேன். வச்சுராதீங்க! உங்க மண்டியில ஆரோக்கியசாமி இருக்காரா?"

"ஏம்மா, ஒரு ஆளக் கூப்புடவா அம்பது கிலோ பொய்யி?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. "அடப்பாவி! ஒரு பொம்பளப்புள்ள நாலஞ்சு வாட்டி கூப்புட்டுச்சு. இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. பெங்களூர் யாவாரின்னு நெனச்சேன். கடேசியா ரெண்டு ரூவா கொறச்சுக்கூடச் சொன்னேனே!"

4. மண்டியில் இன்டர்வியூ

இன்று மாலைக்குள் போனிலேயே பேசிவிடலாம் என்று மில்லுக்குப் பதில் மெயில் அனுப்பினேன். மூன்று மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். என் சென்டர் எண்ணைக் கொடுக்கவா என்று கேட்டதற்கு முத்தையா ஒத்துக்கொள்ளவில்லை. "என் போன்ல கெட்டுச்சு, என் போன்லயே சரியாகட்டும்" என்றார்.

நான் ரெசூமின் பிரின்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மண்டியில் ஏலம் முடிந்திருந்தது. ஈரச்சாக்குகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு ஆரோக்கியசாமியை உட்கார வைத்திருந்தார்கள். தலையைப் படிய வாரியிருந்தார். முத்தையா, யாரும் போனைத் தொடக்கூடாது என்று அதன் முன்னால் காவல் நின்றார்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பழக்க தோஷத்தில் முத்தையாவே பாய்ந்து எடுத்தார். "மல்லி…" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ரிசீவரை நீட்டினார்.

ஏலச் சத்தத்திலும் கேட்க வேண்டுமென்று அந்தப் போனின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார்கள். எதிர்முனையில் பேசிய மில் மேனேஜரின் கேள்வி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க, ரிங் ஃபிரேம்ல அடிக்கடி நூல் அறுந்துபோகுதுன்னு சொன்னா மொதல்ல என்ன பார்ப்பீங்க?"

"மெஷினைப் பாக்க மாட்டேன் சார். அதுல நிக்கிற பொண்ணுகிட்டக் கேப்பேன். ஒரே எடத்துல அறுந்தா அந்த ஸ்பிண்டில், டிராவலரைப் பாக்கணும். மெஷின் பூரா அறுந்தா ஈரப்பதம் கொறஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு மேனேஜர் கேள்வி கேட்கவில்லை, பேசினார். எங்கே வேலை செய்தீர்கள், ஏன் மூடினார்கள், வீட்டில் யார் யார் என்று போயிற்று. கடைசியில், "இப்ப வேலை பார்க்கிற இடத்துல யாராச்சும் உங்களைப் பத்திச் சொல்லுவாங்களா?" என்றார்.

முத்தையா ரிசீவரைப் பிடுங்கிவிட்டார். "சார், நல்லாக் கேட்டுக்கங்க. இந்தாளு வந்தப்புறம் என் தராசு ஒரு நா நின்னதில்ல, வேன் ஒரு நா நின்னதில்ல. நீங்க கூட்டிட்டுப் போயிட்டா நட்டம் எனக்குத்தான். ஆனாலும் கூட்டிட்டுப் போங்க. பிள்ளத்தாச்சி பொண்டாட்டிய விட்டுட்டுச் சவுதிக்குப் போறேங்கிறான்."

எதிர்முனையில் சிரிப்பு. "சரிங்க, வியாழக்கிழமை வந்து ஜாயின் பண்ணச் சொல்லுங்க. எங்க ஹெச்.ஆர். அம்மணி ஒண்ணு கேட்கச் சொல்றாங்க. இன்னைக்கு மல்லி என்ன விலைங்க?"

"முகூர்த்தம் முடிஞ்சுச்சு, எறங்கிப்போச்சு!" என்றார் முத்தையா. ஆரோக்கியசாமி நாற்காலியிலிருந்து எழவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆவணியில் பிறந்த பெண் குழந்தையைப் பார்க்க அவர் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்.

5. கற்றது

ரெசூமில் இருக்கும் போன் நம்பர் சரியா என்று பார்த்தால் போதாது. அதை யார், எந்த நேரத்தில், எந்த நினைப்போடு எடுப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். அதன்பிறகு சென்டர் இருந்த வரைக்கும், பதிவை முடிக்கும் முன் அந்த நம்பருக்கு நானே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுவேன். பேகம்பூரில் பிரியாணிக் கடை, அய்யலூரில் ஆட்டுத் தரகர் வீடு என்று எத்தனையோ பேரை இப்படித் தொந்தரவு செய்திருக்கிறேன்.

அடுத்த மாதமே நிலக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் அதே மண்டி நம்பரைக் கொடுத்தாள். கொஞ்சம் பயத்தோடுதான் கூப்பிட்டேன். அதுவும் நல்ல ஏல நேரம்.

மறுமுனையில் கூச்சல், தராசுச் சத்தம், அதற்கெல்லாம் மேலே முத்தையாவின் குரல்:

"வணக்கம். பூவுக்கா, வேலைக்கா?"