சீசன் நேரத்தில் சிரிக்காத கைடு

டூரிஸ்ட் கைடு வேலைக்கு ஊர் விவரமும் நல்ல குரலும் போதும் என்றுதான் ஆள் எடுக்கும்போது சொல்கிறார்கள். நாள் முழுக்கச் சிரித்த முகமும் அந்தச் சம்பளத்துக்குள்தான் என்பது பிறகுதான் தெரிகிறது.

நான் திருச்சிக்காரி. கணவர், மகளோடு ஷார்ஜாவில் குடியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்கு துபாயைச் சுற்றிக் காட்டுகிறேன். கொளுத்துகிற ஜூலையில் நன்றாகத்தான் இருப்பேன். நவம்பர் பிறந்து, வெயில் தணிந்து, எல்லோரும் பார்க்கில் கோழி சுட்டுச் சாப்பிடக் கிளம்புகிற நேரத்தில் எனக்கு மட்டும் உள்ளே ஏதோ அணைந்துவிடும். எழுந்து பல் தேய்ப்பதே மலையாகிவிடும். வருஷா வருஷம் இதே கூத்து. உங்களில் யாருக்காவது இப்படி என்றால் வாருங்கள், சேர்ந்தே கோபப்படலாம்.

முன் சீட்டுக்காரர்

போன குளிர்காலத்தில் ஒரு காலை. ஹோட்டல் வாசலில் ஈரோட்டுக் குழு பஸ் ஏறியது. வெளியே பனிமூட்டம். மைக்கை எடுத்து வணக்கம் சொன்னேன். அடுத்த வார்த்தை வரவில்லை. தினம் சொல்கிற பாடம்தான், மறக்கவில்லை. வாயைத் திறக்கத் தெம்பில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. டிரைவர் இக்பால் பாய் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று பாட்டுப் போட்டுச் சமாளித்தார்.

முன் சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது: "ஏனுங்க, துபாய்ல இருந்துக்கிட்டு உங்களுக்கெல்லாம் என்னங்க கவலை?"

கனடாக்காரர்களின் வியாதி

கணவர்தான் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். குளிர்காலத்தில் சிலருக்கு வருகிற மனச்சோர்வு இது, வெயில் ஊரிலும் வரும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். காலை வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோம்பேறித்தனம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே!

அந்தத் தெம்பில், ஆபீஸில் புக்கிங் பார்க்கிற சுதாவிடம் சொன்னேன். நல்ல பெண்; மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து கொள்கிறவள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாடு விட்டு நாடு வர நோய்க்கும் விசா வேண்டும் போலிருக்கிறது. "ஐயோ அக்கா, அதெல்லாம் பனி பெய்யுற கனடாக்காரங்களுக்கு வர்றது. இங்க ஸ்வெட்டரே தேவையில்ல, உங்களுக்கு டிப்ரஷனா?"

காய்ச்சல் என்றால் சரி

மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை ஓய்வு எடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, ஏதோ அசிங்கத்தைத் தொட்டதுபோல் விரல் நுனியால் திருப்பித் தள்ளினார். டிசம்பர், டூரிஸ்ட் சீசன், வேலைக்கு ஆளே இல்லை என்று ஆரம்பித்தவர், பாவம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "இதெல்லாம் ரெக்கார்டுல வேண்டாம்மா. காய்ச்சல்னு எழுதி வாங்கிட்டு வாங்க, லீவ் தரேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொன்னால் நோயாளி, நிஜத்தைச் சொன்னால் நடிப்புக்காரி! வீம்புக்கு மறுநாளே டியூட்டிக்குப் போனேன்.

சிரிடி

அன்று பாலைவன டூர். திருநெல்வேலியிலிருந்து ஒரு வயதான தம்பதி. மணல்மேட்டில் மனைவியை நிற்க வைத்து அந்தப் பெரியவர் போட்டோ எடுத்தார். "சிரி... சிரிடி... உன் மூஞ்சியப் பாரு, எழவு வீடு மாதிரி!" அந்த அம்மா உதட்டை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பெரியவர் விடவில்லை. சுற்றி இருந்தவர்களும் "சிரிங்கம்மா" என்று சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மாவின் தாடை நடுங்கியது.

நான் போய் அவர் போனைக் கையால் மறைத்தேன். "போதும் சார். அவங்களுக்குச் சிரிப்பு வரல. விட்டுடுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கத்தினார், கம்பெனிக்குப் புகார் செய்வேன் என்றார். செய்யுங்கள் என்றேன். அந்த அம்மாவை பஸ்ஸுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் இப்படி வரும், மாத்திரை சாப்பிடுகிறேன், ஊருக்குப் போனதும் நீங்களும் டாக்டரைப் பாருங்கள் என்றேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னது: "இதுக்கு மாத்திரை இருக்குன்னு இத்தனை வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே தாயி!"

எச்சரிக்கைக் கடிதம்

புகார் வந்தது. கூடவே எனக்கு எச்சரிக்கைக் கடிதமும். அதை வாங்கிக்கொண்டு, டாக்டர் எழுதிய பழைய காகிதத்தையே மறுபடி மேஜைமேல் வைத்தேன். லீவ் தராவிட்டால் ராஜினாமா என்றேன். ஆபீஸே கேட்கும்படி நோயின் பெயரைச் சொன்னேன். லீவ் கிடைத்தது. காலையில் நடந்தேன், தூங்கினேன், மாத்திரையும் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. முழுக்கச் சரியாகிவிட்டதாகச் சொல்லமாட்டேன். பல் தேய்ப்பது மறுபடி பல் தேய்ப்பதாக ஆனது. திரும்பி வந்தபோது மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "என் வைஃபும் மூணு மாசமா ரூமை விட்டு வரமாட்டேங்குறா... அந்த டாக்டர் எங்க இருக்காரும்மா?"

வெயிலில் மயங்கி விழுந்தால் தண்ணீரோடு ஓடி வருகிற இந்த ஊரில், குளிரில் மனசு விழுந்தால் மட்டும் "நல்ல சீசன், எழுந்து நில்லு" என்கிறார்கள்.