டிராக்டரில் பழகிய கடல்

அண்ணன் படகு வாங்கினார் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கிழக்குப் பாலக்காட்டில் தென்னைக்கு விடவே தண்ணீர் இல்லை, ஆழ்குழாய்க் கிணறு காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. இவர் கஞ்சிக்கோட்டு ஆலையில் ஓய்வு பெற்ற கையோடு கொச்சிக்குப் போய், யாரோ ஓட்டிச் சலித்த சின்ன மோட்டார் படகு ஒன்றை வாங்கி படகுத்துறையில் கட்டிவைத்துவிட்டு வந்து நிற்கிறார். மீன் பிடிக்கவும் இல்லை, ஆள் ஏற்றவும் இல்லை.

"பின்ன எதுக்குங்கண்ணா?" என்றேன்.

"சும்மா போய்ட்டு வரத்தாண்டா."

ஒரு வருஷம் போல, அடிக்கடி தனியாகவே போய்வந்தார். முகம் கறுத்து, கண் தெளிந்து வருவார். ஆலையில் இருந்த காலம் முழுக்க அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு தலையில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் அறுவை செய்தார்கள். கட்டி போய் வலிப்பு வந்தது. இனித் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது, கூட ஒருத்தன் இருந்தால் போகலாமா என்று அண்ணன் என்னைக் கைகாட்டி அண்ணியிடம் கேட்டார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, இவுரு தண்ணீல உழுந்தா கொண்டாந்துருவீங்ளா? அத மட்டுஞ் சொல்லுங்க. நா அனுப்பறேன்."

எனக்கு வயது ஐம்பத்தாறு. கிணற்று நீச்சல் தெரியும், அவ்வளவுதான். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகிக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த வாரமே படகிலிருந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி எடுத்துவந்து எங்கள் டிராக்டரில் கட்டினார். அதற்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, இதற்கும் அதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். திரையைப் போட்டால் முழுக்க மஞ்சள். கடலுக்கான வரைபடம் என்பதால் கரையெல்லாம் அதற்கு வெறும் மஞ்சள்தான். எங்கள் தோப்பு, வீடு, வாளையார் போகிற ரோடு ஒன்றுமே அதில் இல்லை. ஆழம் காட்டுகிற கட்டத்தில் மூன்று கோடுகள் மட்டும் நின்றன. நடுவில் ஒரு அம்பு. டிராக்டரை நிறுத்தினால் அந்த அம்பு கிறுக்குப் பிடித்தது போலச் சுற்றும்.

"இதென்னங்கண்ணா, இதுக்கே வழி தெரியாதாட்ட இருக்குது?"

"நகந்தாத்தாண்டா அதுக்குத் திக்குத் தெரியும். ஓட்டு."

அதில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. ஆள் விழுந்தால் அதை அழுத்தவேண்டும். விழுந்த இடத்தைத் திரையில் குறித்து, அங்கே திரும்பிப்போக ஒரு கோடு போட்டு, இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டும். காய்ந்து கிடந்த மேட்டு வயலில் நான் டிராக்டர் ஓட்ட, பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று தோள்துண்டைக் கீழே எறிவார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, பின்னால் பாராமல், திரையை மட்டும் பார்த்து வளைத்துத் திருப்பி வரவேண்டும். முதல் நாள் வரப்பில் ஏற்றினேன். நாலைந்து நாளில் துண்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் கவுண்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வரப்பில் நின்று பார்த்திருந்த அண்ணி ஒரு நாள், "போய்ட்டு வாங்க," என்றார். அன்றைக்கு அண்ணன் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

கொச்சிக்குக் கிளம்பும்போது மட்டையோடு ஒரு தேங்காயை எடுத்து வண்டியில் போட்டேன். தண்ணீரிலும் ஒரு தடவை செய்துபார்த்துவிடலாம் என்றேன்.

"அதெல்லாம் எதுக்குடா?" என்றார் அண்ணன். எனக்குப் பிடிவாதம்.

மழை விட்ட மறுநாள், வானம் இன்னும் மூடியே இருந்தது. காயல் கடலோடு சேருகிற அழிமுகத்தைத் தாண்டியதும் திரையில் மஞ்சள் போய் நீலமும் வெள்ளையும் வந்தன. ஆழக் கட்டத்தில் எண்கள் ஓடின. எல்லாம் புரிந்தது. அண்ணன் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நானே தேங்காயை எடுத்து எறிந்தேன். பொத்தானை அழுத்தினேன். கோடு வந்தது. வளைத்தேன். நாற்பது, இருபது, ஐந்து, பூஜ்யம். படகை மெதுவாக்கிவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

தேங்காய் இல்லை.

சுற்றிலும் சாம்பல் நிறத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறி சரியாகத்தான் இருந்தது, நாங்கள் அதன் மேலேயே நின்றோம். இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன். தேங்காய் ஒரு ஆள் தலை அளவுதான் இருக்கும் என்று நினைத்த நிமிஷம் ஒரு கையால் அண்ணனின் உயிர்காப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வயலில் விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கும். அந்தப் பழக்கத்தில், எறிந்த பொருளைக் கண்ணால் விடாமல் பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காயல் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிற நேரம் அது.

"உங்குளுக்குத் தெரியுங்ளாண்ணா, இது இழுத்துட்டுப் போயிருமுன்னு?"

"தெரியும்டா. மொதல்ல பொத்தான் பழகோணும். அப்பறந்தான தண்ணி. இன்னொரு நாலு தடவ வந்தா உனக்கு வந்துரும்."

அவர் சொன்னது தப்பில்லை. இன்னொரு நாலு தடவையில் வந்திருக்கும். ஆனால் அந்த நாலு தடவைக்குள் அவருக்கு வலிப்பு வந்தால்?

அன்றைக்கே ஊர் திரும்பினோம். வீட்டில் சொல்லாதே என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒருவேளை சண்டையாவது போட்டிருப்பேன். அண்ணி வாசலுக்கு வந்து என்னிடம்தான் கேட்டார். "கொண்டார முடீல அண்ணி," என்றேன். அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது.

படகை விற்றாயிற்று. அதன் பிறகு அண்ணன் என்னோடு கிணற்று மோட்டாரைப் பற்றிப் பேசினார், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கோபமே இல்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு குறைந்தது, நடை குறைந்தது. நான் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். அவர் முதுகைப் பார்க்கும்போது மட்டும் அது எதற்கும் உதவவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், கட்டிலிலேயே வலிப்பு வந்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலையைப் பிடித்துக்கொண்டேன், அண்ணா அண்ணா என்று கூப்பிட்டேன். வலிப்பு நின்றது. ஆனால் மூச்சு திரும்பவில்லை.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அண்ணி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"நீங்க இருந்தீங்களே தம்பி! பக்கத்துலயே இருந்தீங்களே!"

ஆமாம், இருந்தேன். அவர் தலை அப்போதும் என் கையில்தான் இருந்தது.