பைய என்று ஒரு சொல்

பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் நான் ஒரு கொலைகாரனுக்கு வக்கீலாக நின்றேன். விசாரணைக்கு முந்தின நாள் ஜெயிலில் அவன் சிரித்தான்: "பேட்டை ரோட்டுல சைக்கிள்ல போன ஒருத்தனையும் வெட்டுனேன், வக்கீலய்யா. ஒரு பயலுக்கும் தெரியல."

அப்படிச் செத்தவன் என் தம்பி.

மறுநாள், இந்த வழக்கில் செத்தவரின் பெண்டாட்டி கூண்டேறி, "பைய வந்து வெட்டுனான், சாமி" என்றாள். மெட்ராஸ்காரரான மொழிபெயர்ப்பாளர் வெள்ளைக்கார ஜட்ஜிடம், ஒரு பையன் வந்து வெட்டினான் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். என் கட்சிக்காரனுக்கு நாற்பது வயது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு விடுதலை.

எழுந்தேன். "எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக, துரையவர்களே" என்றேன்.

தூக்கு விழுந்தது. நேர்மையான வக்கீல் என்று ஊரே மெச்சியது.

நேர்மையாவது! கயிறு அவன் கழுத்தைப் பைய இறுக்கியிருக்கணும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.