கப்பல் இல்லாத துறைமுகத்தில் இடலீனா

லிஸ்பனில் எந்தச் சரித்திரத் தொடர் எடுத்தாலும் கூட்டத்தில் ஒரு கறுப்பு முக்காடு தெரியும். அதுதான் இடலீனா. கன்னியாஸ்திரீ, மீன்காரி, பூகம்பத்தில் செத்த பிணம் என்று எல்லாம் ஆகிவிட்டாள். அவளுக்கு உடுப்பு மாட்டிவிட்டே என் இடுப்பு போச்சு. நான் உடையலங்காரக்காரி, அவளுக்கு எதிர்வீடு வேறு.

துணை நடிகை பிழைப்பு என்றால் காத்துக் கிடப்பதுதான். நாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்து முடிக்கிறவரை குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தேசத்தின் சரித்திரமே அவர்கள் காதலுக்காகத்தான் நடந்த மாதிரி!

"போதும்டி, முட்டி தேஞ்சுபோச்சு. இனிமே பிணமாக்கூடப் படுக்க முடியாது" என்று அவள் விட்டுவிட இருந்தாள். அப்போதுதான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் சிப்பாய்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சண்டையிட்ட கினிப் போரைப் பற்றி ஒரு தொடர் வந்தது. அல்காந்தரா துறைமுகத்தில் சிப்பாய்களை வழியனுப்புகிற காட்சி.

"இதை மட்டும் பண்ணிடறேன்" என்றாள்.

எனக்குக் காரணம் தெரியும். அவள் புருஷன் பெல்மீரோ அந்தத் துறைமுகத்திலிருந்துதான் அந்தப் போருக்கே போனான். அப்போது கல்யாணம் ஆகவில்லை. "ஊரு பார்க்க ஒரு ஆம்பளைக்குக் கைக்குட்டை ஆட்டுவியா?" என்று அவள் அப்பன் அறையில் போட்டுப் பூட்டிவிட்டான். பெல்மீரோ திரும்பி வந்து அவளைத்தான் கட்டினான். ஆனால் ஏன் வழியனுப்ப வரலை என்று இன்றுவரை கேட்டதில்லை. டிவியில் போர் வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைடி" என்பாள்.

படப்பிடிப்பன்று கப்பலே இல்லை. பிறகு கம்ப்யூட்டரில் வரைவார்களாம். ஒரு பச்சைத் துணியைப் பார்த்து எல்லோரும் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டினார்கள். துணை நடிகை வாய் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அது தனி வேஷமாகிவிடும், கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டிவரும். இவளோ "பெல்மீரோ!" என்று கத்தினாள்.

உதவி இயக்குநர் ஓடிவந்தான். "யாரும்மா அது பெல்மீரோ? வாயை மூடிக்கிட்டு ஆட்டுங்க!"

"தப்புதான் தம்பி."

மறுபடி எடுத்தார்கள், மறுபடி கத்தினாள். எனக்கு வந்ததே கோபம்! "உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"தானா வருதுடி."

குரலை வெட்டிக்கொள்கிறோம் என்று அவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒளிபரப்பான ஞாயிறு சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"இன்னைக்கு மட்டும் எந்திரிச்சுப் போகாதே பெல்மீரோ. நான் வர்றேன் இதுல."

"நீ எதுலதான் வரலை? போன வாரம் செத்துக் கிடந்தியே."

திரையில் சிப்பாய்கள் வரிசையாக வந்ததும் அவன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேவிட்டான். இடலீனா தடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது அவள் திரையில் வந்தாள். கறுப்பு முக்காடு, காற்றில் அடிக்கிற கைக்குட்டை. குரல் இல்லை, வயலின்தான். ஆனால் அந்த வாய் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியும். பெல்மீரோ நின்ற இடத்திலேயே நின்றான். விளம்பரம் வந்த பிறகுதான் உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் கரை மறையிறவரைக்கும் கூட்டத்துல உன்னையத்தான் தேடினேன்" என்றான். "இப்பதான் வர்றே."

இடலீனா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முட்டி வலிடா" என்றாள். "மெதுவாத்தான் வர முடிஞ்சுது."