துவாயில் தூக்கிய தாய்மீன்

மன்னாரில் வலை இழுத்த நான், 2009க்குப் பிறகு பிரான்சின் மேற்கே ஓர் ஆற்றோரம், சால்மன் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். கிழமை நாட்களில் அங்கே. சனி, ஞாயிறு பாரிசின் லா ஷப்பலில், மனைவியோடு.

"மீனுக்குத் தொட்டில் ஆட்டப் போறியள் எண்டு ஊரில சொன்னா ஆர் நம்புவினம்?" என்று அவள் சிரித்தாள்.

இரண்டாம் ஆண்டு தாய்மீனுக்குப் பஞ்சம் வந்தது. கோடையில் ஆறேறி வரும் மீன்களைப் பிடித்து, குளிர்காலம்வரை தொட்டியில் காத்து, முட்டை எடுத்துக் குஞ்சாக்கி ஆற்றில் விடுவதுதான் எங்கள் வேலை. அந்த ஆண்டு எங்கள் பொறியில் ஆண்மீன்களே விழுந்தன. குஞ்சு விடாவிட்டால், மறு ஆண்டு முகத்துவாரத்தில் வலைபோடத் தடை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

மீனவர்களிடம் உயிரோடு பெண்மீன் கேட்டோம். ஒருவரும் அசையவில்லை. அவர்களில் என் வயதுக்காரர் ஒருவர். சால்மன் வரும் அந்தச் சில வாரங்களை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது.

"கிடைக்கிறதே நாலு மீன். அதிலும் உங்களுக்குப் பங்கா?" என்று சீறினார். அவரிடத்தில் நானென்றால் இன்னும் கூடப் பேசியிருப்பேன்.

சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன்.

"எங்கட கரையில கோயிலுக்கு எண்டு ஒரு மீனை எடுத்து வைக்கேக்கை ஆரும் கணக்குப் பாத்தவையே? அதைச் சொல்லுங்கோவன்."

என் உடைந்த பிரெஞ்சில் அந்த மீனவரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப உங்கள் பண்ணைதான் கோயிலா?" என்று அவர் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனாலும் மறுவாரமே படகில் தொட்டி வைத்து, வயிறு பருத்த பெண்மீன் ஒன்றை உயிரோடு கொண்டுவந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. செவுளுக்குள் விரலை விட்டு, மன்னார்க் கரையில் தூக்குவது போலத் தூக்கினேன். இரத்தம் கொட்டியது. பண்ணைக்குப் போகுமுன் மீன் செத்துவிட்டது. முட்டையும் இன்னும் முற்றாததால் அதையாவது எடுக்க வழியில்லை. அவர் படகைத் திருப்பினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சும்மாவா சொன்னவை? வாங்கோ, கையைத் திருத்துவம்," என்றாள் மனைவி, அந்தச் சனிக்கிழமை. கடையில் பெரிய சீலாமீன் ஒன்றை வாங்கி, குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் போட்டாள். குளித்துத் துடைக்கும் துவாயை நனைத்து அடியில் விரித்து, இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பழகினேன். விரல் செவுள்பக்கம் போனபோதெல்லாம் கையில் அடித்தாள். மத்தியானம் அந்தச் சீலாவையே குழம்பு வைத்தாள்.

திங்கட்கிழமை துவாயோடு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். குளித்தொட்டிக் கதையையும் மறைக்கவில்லை. அவர் துவாயை வாங்கி விரித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் இன்னொரு பெண்மீன் வந்தது. அவர் பார்த்து நிற்க, துவாயில் ஏந்தினேன். அது பிழைத்தது. அதைக் கண்டு மற்றவர்களும் ஆளுக்கொன்று தந்தார்கள்.

குளிர்காலத்தில் முட்டை எடுத்தோம். வசந்தத்தில் குஞ்சு விட்டபோது அவரும் ஒரு வாளியைக் கவிழ்த்தார். வலைக்குத் தடை வரவில்லை.

அந்தக் கோடையில், வலைபோட்ட முதல் நாளே தொலைபேசியில் அழைத்தார்.

"கோயில் பங்கு தொட்டியில் நீந்துது. துவாயோடு வா."