ஒரே கையில் இரண்டு வலி

சாமுண்டீஸ்வரிக்கு இடது கை வலிப்பது புதிதல்ல. மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்பு வார்ப்புகளை அரம் போட்டுத் தேய்த்து, ஓரத்துப் பிசிறை எடுப்பது அவள் வேலை. இடது கை பொருளை இறுகப் பிடிக்கும். வலது கை தேய்க்கும். அந்த மேஜையில் உட்கார்ந்த பெண்கள் எல்லாருக்கும் இடது கை வலிதான். மதியம் ஒரு தைல டப்பா கைமாறி வந்த பிறகே டிபன் பாக்ஸ் திறக்கும். குழம்பிலும் தைலம் மணக்கும்.

அதனால் புதிதாக ஒரு வலி தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கியபோது, அதையும் பழைய கணக்கிலேயே சேர்த்தாள். கூடவே தாடை இழுத்தது, வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்தாள். கணவன் துலுக்கானம் வாய்வு என்றான். தெருமுனை டாக்டர், "என்ன வேலைம்மா?" என்று கேட்டார். சொன்னதும் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து இருக்கை ரேகா, "கொஞ்ச நாளு சோத்துக் கைல புடிக்கா" என்றாள். சாமுண்டீஸ்வரி கையை மாற்றினாள். வலது கையும் வலிக்க ஆரம்பித்தது. இடது கை வலியும் விடுவதாயில்லை. இது என்ன கூத்து என்று குழம்பினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலை, ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறும்போது அந்த வலி வந்தது. கம்பியைப் பிடித்து நின்றாள். போய்விட்டது. ஏறினாள். மறுபடி வந்தது. அரத்தைத் தொட்டே நாலைந்து நாளாகிறதே, பிறகு எங்கிருந்து வருகிறது?

"இன்னாக்கா, வழிய மறிச்சிக்கினு நிக்கிற? பாலத்துக்கு நீதான் தூணா?" பின்னால் ரேகா வந்தாள்.

"பீச்சாங்கை வலிக்குதுடி."

"எனுக்குந்தான் வலிக்குது."

"படி ஏறுனா வலிக்குதா உனுக்கு?"

"படிக்கும் கைக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"அதான் தெர்ல. நின்னா போயிடுது, ஏறுனா வந்துடுது. பட்டறை வலி நின்னாலும் போவாதே."

ரேகாவின் சிரிப்பு நின்றது. சாமுண்டீஸ்வரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தை மாதக் காலைக் குளிரில் அது சொதசொதவென்று இருந்தது.

"மெதுவா கீழ எறங்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சூப்பர்வைசர் கத்துவாருடி."

"கத்தட்டும். தொண்டை அவரோடதுதான."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள்.

"கைதாம்மா வலிக்குது. இங்க எதுக்கு?"

நர்ஸ் ஈ.சி.ஜி. மெஷினிலிருந்து வந்த தாளைக் கிழித்து டாக்டரிடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா இருக்கும்போதும் வலி வந்திருக்கா?" என்றார்.

"நேத்து ராத்திரி படுத்துகினு இருக்கச்சொல்ல வந்துச்சு சார்."

அவர் ஏதோ சொல்ல, சக்கர நாற்காலி வந்தது.

"நான் நடந்துதான சார் வந்தேன்?"

"இனிமே நடக்கக்கூடாதும்மா. இது இதயத்தோட வலி. நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க."

நாற்காலி நகர்ந்தது. இப்போது கை வலிக்கவே இல்லை. வலிக்காதபோது எதற்கு இவ்வளவு அவசரம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கத் திரும்பினாள். ரேகா, அவள் கழற்றி விட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள்.