கோர்ட்டு வாசலில் நின்ற நாகம்மாள்

பாபநாசத்தில் குத்தகை வழக்கு விசாரிக்கும் கோர்ட்டுக்கு எதிரே முத்திரைத்தாள் விற்றுக்கொண்டிருந்தார் ஜெக்கரியா. விற்றதைவிடக் கத்தியதுதான் அதிகம். வக்கீல் வைக்க வழியில்லாத அத்தனை பேரும் நேரே அவர் கடைக்குத்தான் வருவார்கள். எந்த அறை, என்றைக்கு வாய்தா, யாரிடம் மனு கொடுப்பது என்று சொல்லிச் சொல்லி மனுஷனுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப்போகும். உழுகிறவனுக்கே உரிமை என்று ஊர்ச் சுவரையெல்லாம் கட்சிக்காரர்கள் நிறைத்திருந்த எழுபதுகள் அது. அந்த உரிமையைக் கேட்க எந்த வாசலில் நுழைவது என்று ஒரு சுவரிலாவது எழுதினானா பாவி என்று திட்டுவார் அவர்.

ஒரு வருஷம் சம்பா நடவு முடிந்த கையோடு நாகம்மாள் வந்து நின்றாள். புருஷன் குத்தகைக்கு உழுத ஒரு ஏக்கரை, அவன் செத்தபின் அவளேதான் பயிர் செய்துவந்தாள். அவள் நிலத்தில் இறங்குவதே இல்லை, வேறு ஆளுக்கு விட்டுவிட்டாள், அதனால் அவளை வெளியேற்ற வேண்டும் என்று மிராசுதார் பஞ்சநதம் வழக்குப் போட்டிருந்தார். கணுக்காலில் சேறு காயாமல் நின்றவளைப் பார்த்ததும் ஜெக்கரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு ஏக்கர் போனால் அவளுக்கு வேறு கதியில்லை.

ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். வாய்தாவுக்குக் காலையிலேயே வந்துவிட வேண்டும். டவாலிச் சேவகன் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் போய், நிலத்தில் நான்தான் பாடுபடுகிறேன், பக்கத்து வயல்காரர்கள் சாட்சி என்று சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லவும் வைத்தார். அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

வாய்தா அன்று மத்தியானம் கடைக்கு வந்து, "நிலம் போயிடுச்சாம் பாய்" என்றாள். அவள் ஆஜராகவில்லை என்று ஒருதலையாக உத்தரவு போட்டுவிட்டார்களாம்.

காலையிலிருந்து அவள் கோர்ட்டு வாசலில் நின்றதைக் கடையிலிருந்தே பார்த்தவர் ஜெக்கரியா. பேர் சொல்லிக் கூப்பிடவில்லையா என்று கேட்டார். மூன்று தடவை கூப்பிட்டானாம். நன்றாகக் காதில் விழுந்ததாம்.

"அப்புறம் ஏம்மா உள்ள போகல?"

"அய்யா உள்ள உக்காந்திருந்தாங்க. அவங்க இருக்கிற எடத்துல நான் எப்படிங்க படியேறுறது? வெளியில வரட்டும்னு நின்னேன்."

கோர்ட்டு என்ன பஞ்சநதம் வீட்டுக் கூடமா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார் ஜெக்கரியா. இதையுமா ஒருத்தன் சொல்லிக்கொடுப்பான்! கத்தி ஓய்ந்து, உத்தரவை ரத்து செய்யக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார். வராததற்குக் காரணம் காட்ட வேண்டும். காய்ச்சல் என்று போட்டுவிடலாம், எல்லாரும் போடுவதுதான். நாகம்மாள் ஒப்பவே இல்லை. வந்து நின்றவள் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று அழுதாள். எப்படியோ போ என்று உள்ளதையே எழுதித் தொலைத்தார். இது தேறாது என்றுதான் நினைத்தார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கடையைச் சாத்திவிட்டுத் தானே அவளை அழைத்துப்போனார். வாசற்படிவரை வந்தவள் அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உள்ளே முன்வரிசையில் பஞ்சநதம். மனுவைப் படித்த விசாரணை அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாம் ஜோடித்த கதை என்றார் பஞ்சநதத்தின் வக்கீல். பஞ்சநதத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வக்கீல் கையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்துவிட்டார்.

"கதை இல்லீங்க. அன்னைக்கு வாசல்லதான் நின்னா, நானே பார்த்தேன். நான் இருக்கிற எடத்துல அவ ஏற மாட்டா. எங்க குடும்பத்து மேல அவ்வளவு மரியாதை அவளுக்கு."

உத்தரவு ரத்தாயிற்று. தொண்டை கிழியக் கத்திய தன்னால் ஆகாதது அந்த ஆளின் பெருமையால் ஆனதே என்று ஜெக்கரியாவுக்கு வயிறு எரிந்தது. நிலத்தில் பாடுபடுவது யார் என்று அப்போதே விசாரித்துவிட நினைத்த அதிகாரி, "உள்ள வாம்மா, வந்து சொல்லு" என்றார்.

போ, போ என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தார் ஜெக்கரியா. நாகம்மாள் அதிகாரியைப் பார்க்கவில்லை. பஞ்சநதத்தின் முகத்தையே பார்த்தபடி, அவர் வரச் சொல்வதற்காகக் காத்து நின்றாள்.